வாடகைக்கு வந்தவன் வீட்டையே இடிச்ச கதை

இன்னிக்கு கொஞ்சம் பொட்டி தட்டற சமாச்சாரம். கோடிங் எல்லாம் கிடையாது, தைரியமா படிங்க :-)

மென்பொருளை இன்ஸ்டால் பண்றதைப் பத்தி ஆளாளுக்கு எழுதியாச்சு. தூக்கறதைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்லை. ஆனா வரலாறு அங்கேதான் சுவாரசியம்.

1998 டிசம்பர். பன்ஜி என்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனம் 'மித் 2: சோல்பிளைட்டர்' என்ற போர் விளையாட்டை வெளியிடத் தயாராகிவிட்டது. (பின்னாளில் 'ஹேலோ' எடுத்த அதே ஆசாமிகள்தான்.) சிடி எல்லாம் அச்சாகி முடிந்த நேரத்தில் ஒரு பூதம் கிளம்பியது. விண்டோஸில் இந்த விளையாட்டை அன்இன்ஸ்டால் செய்தால், அது தான் போட்ட கோப்புகளை மட்டும் அழிக்கவில்லை. தான் குடியிருந்த ஃபோல்டரையே மொத்தமாகத் துடைத்தது. வழக்கமான இடத்தில் போட்டிருந்தால் பிரச்சினை தெரியாது. ஆனா யாராவது நேரடியாக டிரைவின் தலையிலேயே போட்டிருந்தால்? அந்த டிரைவில் இருக்கும் கல்யாண போட்டோ, ஆபீஸ் கடிதம் எல்லாம் கோவிந்தா.

ஒரு இணைப்பு நிரலை வலையில் போட்டுட்டு 'இறக்கிக்கோங்க'ன்னு கையைக் கழுவியிருக்கலாம். பன்ஜி அப்படிச் செய்யலை. சிடிக்களைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சடித்தது. செலவு சுமார் 8 லட்சம் டாலர். சின்ன கம்பெனிக்கு அது உயிர் போற காசு. என்னைக் கேட்டா, இந்தத் துறையில நடந்த மரியாதையான காரியங்கள்ல இதுவும் ஒண்ணு.

சரி, ஏன் இப்படி ஆச்சு? அன்இன்ஸ்டாலர் எழுத ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, போடும்போதே எந்தெந்த கோப்பைப் போட்டோம்னு கணக்கு எழுதி வச்சு, அதை மட்டும் திரும்ப எடுக்கறது. இன்னொண்ணு, 'இந்த ஃபோல்டர் என்னோடது, உள்ளே இருக்கறதெல்லாம் என்னோடது'ன்னு ஒரே வரியில அழிக்கறது. ரெண்டாவது சோம்பேறி வழி. நீங்க உங்க கோப்பை அங்கே வச்சிருக்க மாட்டீங்கன்னு ஒரு நம்பிக்கை, அவ்ளோதான்.

இன்னோ செட்டப் என்ற இலவசக் கருவியின் உதவிப் பக்கத்திலேயே இதுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. நட்சத்திரக்குறி போட்டு எல்லாத்தையும் அழிக்காதே, பயனர் அந்த ஃபோல்டரில் தன் கோப்புகளை வைத்திருப்பார், வேறு டிரைவுக்கு மாற்றுவதற்காகக்கூட அன்இன்ஸ்டால் பண்ணலாம் என்று. எழுதியவர் பட்டுத் தெரிஞ்சவர் மாதிரி இருக்கு.

இது ஏதோ பழங்கதைன்னு நினைச்சா தப்பு. 2001 நவம்பரில் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் 2, பழைய பதிப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று, பெயரில் இடைவெளி இருந்த டிரைவ்களையே காலி பண்ணியது. காரணம், மேற்கோள்குறி விட்டுப் போனது! அவசரமாகத் திரும்பப் பெற்று 2.0.1 விட்டார்கள். 2015 ஜனவரியில் லினக்ஸ் ஸ்டீமின் கதை இன்னும் மோசம். ஒருத்தர் ஸ்டீம் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தார். ஸ்கிரிப்டில் ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. விளைவு, ஸ்டீம் கோப்புகளை அழி என்பது 'எல்லாத்தையும் அழி' என்று ஆகிவிட்டது. இணைத்திருந்த பேக்கப் டிரைவும் சேர்ந்து போச்சு. கொடுமை என்னன்னா, அந்த வரிக்கு மேலேயே எழுதின புண்ணியவான் 'பயமா இருக்கு' என்ற பொருளில் ஒரு குறிப்பு வச்சிருந்தார். பயந்தவர் நிறுத்தியிருக்கலாம் இல்லையா?

எனக்குப் பிடிச்சது டெபியன்காரங்க வழி. 'ரிமூவ்' என்றால் நிரல் மட்டும் போகும், அமைப்புக் கோப்புகள் இருக்கும். 'பர்ஜ்' என்றால் அதுவும் போகும். ஆனா ரெண்டுமே உங்க ஹோம் ஃபோல்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அதுக்கு எதிர்க்கட்சியும் இருக்கு: அழிச்ச பிறகும் குப்பை கிடக்குதேன்னு புலம்பறவங்க. நியாயம்தான், பல ஜிபி கேஷ் கிடந்தா எரிச்சல் வரும். ஆனா கேஷும், நீங்க நாலு மாசமா முன்னேறி சேமிச்ச விளையாட்டும் ஒண்ணா? முதலாவது அதுவா மறுபடி வரும். ரெண்டாவது வராது.

கைப்பேசியில் ரொம்ப நாள் இந்தக் கேள்வியே கிடையாது. செயலியைத் தூக்கினா அதன் உள் தரவும் காலி. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-ல்தான், செயலி எழுதுபவர் விரும்பினால் தூக்கும் நேரத்தில் 'தரவை வச்சுக்கவா?' என்று ஒரு டிக் பெட்டி காட்ட வழி வந்தது. எழுதுபவர் விரும்பினால்தான், பயனர் விரும்பினால் இல்லை. இதுவரை எத்தனை செயலி உங்களை அப்படிக் கேட்டிருக்கு, சொல்லுங்க பார்ப்போம்.