மோட்டார் காப்பீட்டு விலக்குகள்

மோட்டார் காப்பீட்டுப் பாலிசியில், நிறுவனம் நஷ்டஈடு வழங்கக் கடமைப்படாத சந்தர்ப்பங்களை வரையறுக்கும் ஷரத்துக்கள் விலக்குகள் எனப்படும். தேய்மானம், இயந்திரக் கோளாறு, உரிமமின்றியோ மதுபோதையிலோ ஓட்டியதால் நேர்ந்த சேதம் ஆகியன இவற்றுள் அடங்கும். பம்பாய்வாசிகள் கூர்ந்து அறியவேண்டியது வெள்ளம் பற்றியது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பொழிய, மித்தி நதி பெருகிக் கரையோரத் தாழ்நிலங்கள் ஜலத்தில் ஆழ்ந்தன. வெள்ளம் விரிவான பாலிசி ஏற்கும் அபாயமே எனினும், நீரில் நின்றுபோன காரை மீண்டும் கிளப்ப முயல்கையில் எஞ்சினுக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராடு வளையுமாயின், அதனை வெள்ளத்தின் நேர் விளைவாகக் கொள்ளாது, பின்விளைவு நஷ்டமென்று நிராகரிப்பதே நிறுவனங்களின் பொது வழக்கம். பதற்றத்தில் சாவியைத் திருப்பும் சாமானியனுக்கு இது மிகக் கடுமையான ஷரத்து. தனிப் பிரீமியம் செலுத்தி எஞ்சின் பாதுகாப்பைச் சேர்த்துக்கொண்டவர், அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இந்நஷ்டத்துக்கும் ஈடு கோரலாம்.