முதுசமும் வங்கித் துண்டுகளும்

ஞாயிறு இரவு றெஸ்ரோறன்டைப் பூட்டி, கடைசிச் சட்டியையும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் ஊர்க்கதை தொடங்கும். அரசியல் பேசி அடிபட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது பாரிசில் எங்கள் குசினியில் கூடுதலாகப் பேசப்படுவது காணி. ஒருவருடைய தமையன் எல்லைக் கதியாலைத் தள்ளிப் போட்டுவிட்டார். இன்னொருவருடைய தங்கை தாய்வீட்டு உறுதியைத் தன் பெயருக்கு எழுதுவித்துவிட்டாள். எல்லாம் வெளிநாட்டுக் காசு செய்த வேலை என்று ஒரு முடிவும் சொல்லிக்கொள்கிறோம். எங்கள் வீட்டிலும் ஐயா செத்து, மரணசாசனமும் இல்லாமல், தம்பியிடமிருந்து அற்றோர்னித் தத்துவப் பத்திரம் ஒன்று வந்து சேர்ந்தபோதுதான், பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்டுவிட்டு வந்த சரித்திரத்தை மறுபடி தூசி தட்டினோம்.

1706இல் ஒல்லாந்தத் தேசாதிபதி கொர்னேலிஸ் யோன் சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் ஊர் வழக்கங்களை எழுதத் தொடங்கினார். அடுத்த வருடம் அது தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அதுதான் தேசவழமை. 1806இல் ஆங்கிலேயரும் அதையே சட்டமாக ஏற்றார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள், காணி பூமி உள்ளவர்கள். அந்த நூலில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. அவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. எங்கள் பண்பாடு என்று நாங்கள் தூக்கிப் பிடிப்பதில் பாதி அந்தப் பன்னிரண்டு பேரின் வசதிதானோ என்று சந்தேகம் வருகிறது. வழக்குப் பேசாத சனத்துக்கு இப்படி ஒரு புத்தகம் தேவைப்பட்டிராது என்பதும் கவனிக்க வேண்டியது. அப்போது எங்கள் ஆட்களிடம் பிராங்கும் இல்லை, யூரோவும் இல்லை.

புருஷன் கொண்டுவருவது முதுசம், பெண் கொண்டுவருவது சீதனம், இருவரும் சேர்ந்து தேடுவது தேடிய தேட்டம். ஆதியில் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கும் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் போனது என்றும், போர்த்துக்கேயர் காலத்தில் இந்த ஒழுங்கு கலங்கி எந்தச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கலாம் என்று ஆனது என்றும் ஐசாக்ஸ் எழுதுகிறார். சீதனம் வாங்கிய மகள் அதோடு திருப்திப்பட வேண்டும், மற்றப் பிள்ளைகள் இருக்கையில் மேலும் கேட்க முடியாது. இதைத்தான் தம்பி ரெலிபோனில் அக்காவுக்கு எதிராகச் சொன்னான். அவன் ஐசாக்ஸைப் படித்தவனல்ல. அக்காவின் சீதன வீடு சண்டையில் தரைமட்டமானது, உறுதி மட்டும் அவளிடம் இருக்கிறது. அதைச் சொன்னால், “அது அவவின்ரை தலைவிதி” என்கிறான்.

ஆனால் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு இடம். கலியாணம் முடிக்காத ஆண்பிள்ளை உழைப்பதெல்லாம் பெற்றோரின் பொதுச் சொத்தில் சேர வேண்டும், அவன் உடம்பில் அணிந்த பொன், வெள்ளி நகைகள் மட்டுமே அவனுக்கு மிஞ்சும் என்று எழுதியிருக்கிறது! முந்நூறு வருடத்துக்கு முந்திய வரி. சட்டத்தில் அது செத்ததோ இல்லையோ, எங்கள் குசினியில் சாகவில்லை. பதினைந்து வருடமாக அனுப்பிய காசு கிணறாகவும் மதிலாகவும் தம்பியின் வான் ஆகவும் நிற்கிறது. உறுதியில் அதற்கு ஒரு வரி கிடையாது. வங்கித் துண்டுகளைப் பிஸ்கற் தகரத்தில் சேர்த்து வைத்திருக்கிறோம், எந்த நொத்தாரிசு அதைப் பார்க்கப் போகிறார்? மட்டக்களப்புப் பொடியன் ஒருவன் எங்களோடு வேலை செய்கிறான். “எங்கட பக்கம் தாய்வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு, கதை முடிஞ்சுது அண்ணை” என்று சிரிப்பான். அவனுடைய இரண்டு தங்கைகளும் ஒரே வீட்டுக்காகக் கதைபேச்சு இல்லாமல் இருப்பது வேறு விஷயம்.

காணியில் பத்து வருடம் ஆண்டவனுக்கே காணி என்று ஊரில் பயமுறுத்துவார்கள். 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டத்தின் 10 வருடக் கணக்கு அது. ஆனால் கூட்டுச் சொந்தக்காரருக்குள் அது அவ்வளவு லேசில்லை. எலியாஸ் என்பவர் மரணசாசனம் இல்லாமல் இறக்க, சகோதரர் இசேரிஸ் அப்புகாமி காணியை நீண்டகாலம் ஆண்டார். மற்ற உரித்தாளிகளின் பங்கை வாங்கிய கொறயா வழக்குப் போட்டார். 1911இல் பிரிவிக் கவுன்சில் சொன்னது: ஒருவர் ஆள்வது எல்லாப் பங்காளிகளுக்குமாக ஆள்வதுதான், மனதுக்குள் இரகசியமாக நினைத்துக்கொண்டு அதை மாற்ற முடியாது. (1918இல் இன்னொரு தீர்ப்பு, மிக நீண்டகாலத் தனி ஆட்சியில் மற்றவர்களை விலக்கியதாக ஊகிக்கலாம் என்று கொஞ்சம் கதவைத் திறந்தது.) 2016இல் வந்த விசேட ஏற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் காணியைக் கேட்க முடியாமற் போனவர்களுக்கு அந்தக் காலத்தைக் கழித்துக் கணக்கிட வழி செய்தது. அதற்குப் பிந்திய வருடங்களில் இங்கே பாத்திரம் கழுவியதை எந்தச் சட்டமும் கழிக்காது.

இன்னுமொரு முடிச்சு. தேசவழமை யாழ்ப்பாண மாகாணத்து வாசிகளுக்கு உரியது. கொழும்பில் நிரந்தரமாகக் குடியேறியவர் வாசியா இல்லையா என்றே முன்னர் கோடுகளில் வாதாடியிருக்கிறார்கள். நாங்கள் எந்த மாகாண வாசிகள்? பத்திரத்தில் கையெழுத்தை அத்தாட்சிப்படுத்த இலங்கைத் தூதரகத்துக்கு வா என்கிறார்கள். 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரையோ, சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மறுபடி நாடுகிறவர் அகதியல்ல என்கிறது. ஒரு கையெழுத்துக்காகப் போனாலே அட்டை பறிபோய்விடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் படியில் கால் வைக்கப் பயம். பயம் தம்பிக்கு விளங்காது; நாங்கள் பங்குக்காக இழுத்தடிக்கிறோம் என்றுதான் ஊரில் சொல்லித் திரிகிறானாம். அது முழுப் பொய்யும் இல்லை. அந்தப் பிஸ்கற் தகரத்தை எத்தனை இரவு எடுத்துக் கூட்டிப் பார்த்திருக்கிறோம்.

பத்திரம் மிளகாய்த்தூள் பேணிக்குப் பின்னால் கிடக்கிறது. போன கிழமை தம்பிக்கு ஒன்று மட்டும் கேட்டு எழுதினோம்: அக்காவின் பெயரும் போட்டால் பங்கைப் பற்றி நாங்கள் பேசவில்லை, சம்மதமா? இன்னும் பதில் இல்லை. அக்காவோ, தன் பெயரை ஏன் தன்னிடம் கேட்காமல் எழுதினீர்கள் என்று ரெலிபோனை வைத்துவிட்டா.