பங்கு விலைவரிசையும் தோட்டத் தமிழர் வரலாறும்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் குடியேற்றப் பதிவுகள், தொழிலாளர் துறை அறிக்கைகள், நாளிதழ்ச் செய்திகள், வாய்மொழித் தகவல்கள் ஆகியவற்றையே பெரும்பாலும் சான்றுகளாகக் கொள்வர். ஆனால் தமிழர் உழைத்த பெருந்தோட்டங்கள் பலவும், இலண்டனிலும் சிங்கப்பூரிலும் பின்னர்க் கோலாலம்பூரிலும் பங்குகளாக விற்கவும் வாங்கவும் பட்ட நிறுவனங்களின் உடைமையாக இருந்தவை. அந்நிறுவனங்களின் பங்கு விலைகள் நூறாண்டுக்கும் மேலாக நாளிதழ்களில் அச்சாகி வந்துள்ளன. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்வடிவில் தொகுத்து வைத்திருப்பதால் இவ்விலைப் பட்டியல்களை இன்று எளிதில் காண முடிகிறது.

இச்சான்றை எவ்வாறு படிப்பது, எதற்குப் பயன்படுத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். விலைவரிசையைத் தனியே படித்தால் அது நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். நிறுவனத்தின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால், தோட்டத்தின் மதிப்பு எவ்வாறு உருவாகி யார் கைக்குச் சென்றது என்பதை அது காட்டும். இதுவே நாம் நிறுவ விழையும் கருத்தாகும்.

முகமதிப்பும் சந்தை விலையும்

1910ஆம் ஆண்டு ஏப்ரலில் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு எடை ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைக் கடந்தது. அவ்வாண்டையொட்டிச் சிலாங்கூரின் முன்னணி ரப்பர் நிறுவனங்கள் சில 300 விழுக்காட்டுக்கும் மேலாக இலாப ஈவு வழங்கின. இவ்விழுக்காடு தோட்ட வரலாற்று நூல்களில் பலமுறை எடுத்தாளப்படுவது. ஆயினும் அது எதன்மீது கணக்கிடப்பட்டது என்பதை நாம் நோக்க வேண்டும். இலாப ஈவு பங்கின் முகமதிப்பின்மீது கணக்கிடப்படுவது. சந்தை விலையின்மீது அன்று. 2 ஷில்லிங் முகமதிப்புள்ள பங்குக்கு 300 விழுக்காடு என்றால் 6 ஷில்லிங் ஆகும். அப்பங்கைச் சந்தையில் 60 ஷில்லிங் கொடுத்து வாங்கியவர் ஒருவர் இருப்பின் அவருக்குக் கிடைத்தது 10 விழுக்காடே. தொடக்கத்திலேயே முகமதிப்புக்கு வாங்கியவர்க்கோ முழு 300 விழுக்காடும் கிடைத்தது. ஆகவே இலாபத்தின் பெரும்பகுதி யாரைச் சேர்ந்தது என்பதை அறிய விலைவரிசை இன்றியமையாதது எனலாம்.

பங்குப் பிரிப்பும் இவ்வாறே கருதத்தக்கது. அக்கால ரப்பர் நிறுவனங்களிடையே 2 ஷில்லிங் பங்கு பரவலாக வழங்கியது. சிறு முதலீட்டாளரையும் ஈர்ப்பது அதன் நோக்கம். ஒரு பவுன் முகமதிப்புள்ள பங்கு 2 ஷில்லிங் பங்குகள் பத்தாகப் பிரிக்கப்பட்டதாகக் கொள்வோம். முன்னர் 6 பவுனுக்கு விற்ற பங்கு மறுநாள் 12 ஷில்லிங்குக்கு விற்கும். பட்டியலை மட்டும் படிப்பவர் விலை பத்தில் ஒன்றாகச் சரிந்ததாக எண்ணுவார். உண்மையில் எவரும் எதையும் இழக்கவில்லை. ஊக்கப் பங்கு வழங்கும்போதும் இதே நிலைதான். இரண்டு பங்குக்கு ஒரு பங்கு இலவசமாக வழங்கப்பட்டால் 3 வெள்ளிப் பங்கு 2 வெள்ளியாகும். எனவே பழைய விலைகளை மூன்றில் இரண்டால் பெருக்கிய பின்னரே புதிய விலைகளோடு ஒப்பிடுதல் முறையாகும். இவ்வாறு பெறப்படுவதே சரிசெய்த விலை எனப்படும். சரிசெய்யாத விலை அன்று சந்தையில் என்ன நிகழ்ந்தது என்பதற்குச் சான்று. சரிசெய்த விலை முதலீட்டாளர் என்ன பெற்றார் என்பதற்குச் சான்று. இரண்டும் தேவையே, ஒன்றன் இடத்தில் மற்றொன்றைக் கையாளுதல் கூடாது.

பெயரும் தொடர்ச்சியும்: சைம் டார்பி

ஒரே பெயர் ஒரே நிறுவனத்தைக் குறிக்கும் எனக் கொள்ள இயலாது என்பதற்குச் சைம் டார்பி தக்க எடுத்துக்காட்டாகும். 1910இல் மலாக்காவில் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் பதிவு 1970களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து மலேசியாவுக்கு மாறியது. 1821இல் சிங்கப்பூரில் தோன்றிய கத்ரி நிறுவனம் 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில், சில மணி நேரத்திற்குள், இலண்டன் பங்குச் சந்தை வழியாகவே பெர்மோடாலான் நேஷனல் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. சட்டத்தாலன்றிச் சந்தை விலை கொடுத்தே தோட்டங்கள் நாட்டுடைமை ஆயின என்பது வரலாற்றில் கருதத்தக்க செய்தியாகும்.

2007இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் ஆகிய மூன்று குழுமங்களும் இணைக்கப்பட்டன. இணைந்த புதிய நிறுவனமே சைம் டார்பி என்னும் பெயரை ஏற்றது. எனவே 2006இன் சைம் டார்பி விலையும் 2008இன் சைம் டார்பி விலையும் ஒரே பொருளின் விலைகள் அல்ல. 2017 நவம்பர் 30இல் இக்குழுமம் மீண்டும் மூன்றாகப் பிரிந்து, தோட்டத் தொழிலுக்கும் சொத்து மேம்பாட்டுக்கும் தனித்தனி நிறுவனங்கள் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன. 9 ரிங்கிட்டை ஒட்டியிருந்த சைம் டார்பி பங்கின் விலை 2 ரிங்கிட்டுச் சொச்சமாக இறங்கியது. இது வீழ்ச்சியன்று, பங்குதாரர் ஒவ்வொருவரும் தம்மிடமிருந்த ஒரு பங்குக்கு இரு புதிய நிறுவனங்களிலும் ஒவ்வொரு பங்கு பெற்றனர். தோட்ட நிறுவனம் 2024இல் எஸ்டி கத்ரி எனப் பெயர் மாறியது. நூற்றாண்டுப் பழமையுள்ள பெயர் புதிய நிறுவனத்துக்குச் சூட்டப்பட்டதனால், வருங்கால ஆய்வாளர் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டியவராகிறார்.

தொடக்க ஆண்டைத் தெரிவு செய்வதும் முடிவை மாற்றும். கோலாலம்பூர்க் கூட்டுக் குறியீடு 1997 பிப்ரவரியில் 1,270 புள்ளிகளைத் தாண்டி, 1998 செப்டம்பர் முதல் நாளில் 262 புள்ளிகளுக்கு வீழ்ந்தது. முன்னதிலிருந்து அளந்தால் தேக்கமாகத் தோன்றும் நிறுவனம், பின்னதிலிருந்து அளந்தால் பெருவளர்ச்சி பெற்றதாகத் தோன்றும்.

நிலத்தின் விலை

கிள்ளான் பள்ளத்தாக்கில் இச்சான்று தனிச்சிறப்புப் பெறுகிறது. ரப்பர், செம்பனை விலைகளை மட்டும் கொண்டு இங்குள்ள தோட்ட நிறுவனங்களின் பங்கு விலையை விளக்கிவிட இயலாது. கோலாலம்பூர் விரிவடைந்தபோது பால்மரம் நின்ற நிலம் வீட்டுமனையாயிற்று. சீபீல்டு தோட்ட நிலத்தில் 1970களிலிருந்து சுபாங் ஜெயா எழுந்தது. கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா நகரானது. விளைபொருளின் விலையோடு மனையின் எதிர்பார்ப்பு விலையும் பங்கில் கலந்தது. 2017ஆம் ஆண்டுப் பிரிப்பு அவ்விரண்டையும் வெளிப்படையாகப் பிரித்துத் தனித்தனி விலையிட்டது எனலாம்.

அந்நிலத்தில் லயத்து வீடுகளும் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் இருந்தன. தோட்டம் நகரானபோது அவை இடம்பெயர வேண்டியதாயிற்று. மதிப்பேற்றத்தின் ஒவ்வொரு படியும் விலைவரிசையில் இடம்பெற்றது. மூன்று தலைமுறையாக அங்கு வாழ்ந்தோரின் பங்கு அதில் இடம்பெறவில்லை.

விலை சொல்லாதவை

1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளர்க்கு விதிக்கப்பட்டிருந்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் இது முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. ஒரு வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்சு என 1906இல் உறுதி செய்யப்பட்ட மதிப்பின்படி, 2 ஷில்லிங் முகமதிப்பு ஏறத்தாழ 86 காசாகும். அதாவது குறைப்புக்கு முன் ஆண் தொழிலாளர் ஒருவர் பெற்ற இரு நாட்கூலிக்கும் குறைவு. ஆனால் பங்கின் வீழ்ச்சி பட்டியலில் நாள்தோறும் பதிவானது. கூலியின் வீழ்ச்சியைத் தொழிலாளர் துறை ஆவணங்களில் தேடியே காண வேண்டியுள்ளது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தமும் இங்கு எண்ணத்தக்கது. போர்க்காலத் தேவையால் ரப்பருக்கு நல்ல விலை கிடைத்த வேளையில், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சார்ந்த ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் கூலி உயர்வும் மதிப்பான நடத்துமுறையும் கோரப்பட்டன. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அவ்வார விலைப் பட்டியலில் காணக்கூடியது முதலீட்டாளரின் அச்சமோ அமைதியோ மட்டுமே. தோட்டத்தில் வெள்ளையர் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவரின் தன்மானத்தை அது அளக்காது.

விலையற்ற பங்குகள்

தமிழர் தாமே பங்குதாரர் ஆனபோது வேறொரு சிக்கல் எழுந்தது. தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர் மாதம் 10 வெள்ளி செலுத்திச் சேர்ந்தனர். பிரிக்ஃபீல்ட்ஸின் முதன்மைச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. கூட்டுறவுப் பங்குக்குச் சந்தை விலை கிடையாது. அதன் பயனைச் சங்கத்தின் நிலவுடைமையைக் கொண்டே அளக்க வேண்டும்.

மைக்கா ஹோல்டிங்ஸின் நிலை வேறு. 1982இல் ம.இ.கா. முன்னின்று அமைத்த இந்நிறுவனம் ஏறத்தாழ 66,000 பேரிடமிருந்து 10 கோடியே 60 லட்சம் வெள்ளியைத் திரட்டியது. அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. ஆதலின் பங்கை விற்க விரும்பியவர்க்கு ஒப்பிட்டுப் பார்க்க அன்றாட விலை இல்லை. 2010இல் ஒரு பங்குக்கு 80 காசு தர ஒரு நிறுவனம் முன்வந்தது. ஒரு வெள்ளி 80 காசாயிற்று என்று மட்டும் கூறுதல் நிறைவான கணக்காகாது. இடையில் கிடைத்த ஈவு, ஊக்கப் பங்கு, கால் நூற்றாண்டில் பணமதிப்பு இழந்த அளவு ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். எனினும் விலைவரிசை இல்லாமையே இங்கு முதன்மையான வரலாற்றுச் சான்றாகிறது. நாள்தோறும் வெளியாகும் விலை நிர்வாகத்தை நோக்கிப் பங்குதாரர் எழுப்பும் வினாவாகும். அவ்வினாவை எழுப்பும் வாய்ப்பு இவர்களுக்குக் கிட்டவில்லை.

முடிவுரை

பங்கு விலைவரிசை தோட்டத் தமிழர் வரலாற்றுக்குப் பயன்படும் சான்றே என்பது மேற்கூறியவற்றால் பெறப்படும். அதனைக் கையாளும் ஆய்வாளர் நிறுவனத்தின் பெயர் மாற்றம், முதல் மாற்றம், நாணயம், ஈவு, தொடக்க ஆண்டு ஆகிய ஐந்தையும் சரிபார்த்தல் வேண்டும். பட்டியலிலிருந்து மறைந்துபோன, கலைக்கப்பட்ட நிறுவனங்களையும் விட்டுவிடலாகாது. எஞ்சியவற்றை மட்டும் எண்ணினால் இலாபம் மிகையாகத் தோன்றும்.

தமிழாசிரியர்களும் இதனை மாணவர்க்குரிய பயிற்சியாக அமைக்கலாம். மாணவர் தம் குடும்பத்தினர் வாழ்ந்த தோட்டம் ஒன்றைத் தேர்ந்து, ஆண்டு, உரிமையாளர், சரிசெய்த பங்கு விலை, நாட்கூலி என நான்கு நிரல்கள் கொண்ட அட்டவணையை அமைக்கட்டும். மூன்றாம் நிரலும் நான்காம் நிரலும் எந்த ஆண்டுகளில் ஒன்றையொன்று விட்டு விலகிச் செல்கின்றனவோ, அந்த ஆண்டுகளே நாம் இனி விரிவாக எழுத வேண்டிய வரலாற்றின் இயல்களாகும்.