ஜப்பானில் கும்பிடும் வீடுகள்

ஜப்பானின் கிஃபு மாகாணத்து மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஷிரகவாகோ. அங்குள்ள பழைய விவசாயி வீடுகளுக்கு 'கஷ்ஷோ சுகுரி' என்று பெயர். கும்பிடும் கைகளைப் போலக் கட்டியது என்று அர்த்தம். புல் வேய்ந்த கூரை சுமார் 60 டிகிரி சாய்ந்திருக்கும். பனி தங்காமல் வழுக்கி விழத்தான் இந்தச் சாய்வு. கூரைச் சட்டங்களை ஆணி அடிக்காமல் கயிற்றாலும் வளையும் மரக்கிளைகளாலும் கட்டினார்கள்.

பனி மட்டும் காரணமல்ல. மலையில் விளைநிலம் குறைவு. அதனால் உயரமான கூரைக்குள் அடுக்கடுக்காகப் பரண் போட்டுப் பட்டுப்புழு வளர்த்தார்கள். தரைக்கடியில் வெடிமருந்துக்கான வெடியுப்பு தயாரித்தார்கள். அடுப்புப் புகை கூரையைப் பூச்சி அரிக்காமல் காத்தது. வீடே ஒரு தொழிற்சாலை!

20ஆம் நூற்றாண்டில் பட்டுத் தொழில் நலிந்தது, அணைகள் வந்தன. பல வீடுகள் மறைந்தன. 1971இல் ஒகிமாச்சி கிராமத்தார் ஒரு முடிவெடுத்தார்கள்: விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, இடிக்கக் கூடாது. 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆனாலும் 30, 40 வருடத்துக்கு ஒருமுறை கூரையை மாற்றியாக வேண்டும். ஒரு குடும்பத்தால் அது முடியாது. இன்று உன் வீடு, நாளை என் வீடு என்று ஊரே கூடி வேயும் வழக்கத்துக்கு 'யுய்' என்று பெயர். கை கொடுக்க ஆள் இல்லாவிட்டால் எந்தப் பட்டமும் இந்தக் கூரைகளைக் காப்பாற்றாது.