உளவியற் கலாநிதிப் பட்டத்தின் சமூக வரலாறு: ஐக்கிய அமெரிக்காவை முன்னிறுத்திய ஒரு குறிப்பு

பல்கலைக்கழகத் துறைகள் தூய அறிவுத்தேட்டத்தினால் மட்டும் பிறந்தவை என்ற கருத்துப் பரவலாக உண்டு. உளநலப் பணியாற்றும் உளவியலாளருக்குக் கலாநிதிப் பட்டமே உரிய தகைமை என்னும் நியதி ஐக்கிய அமெரிக்காவில் நிலைபெற்றவாற்றை நோக்குமிடத்து அக்கருத்து முழுமையானதன்று என்பது புலனாகும். அந்நியதியை உறுதிப்படுத்தியதில் ஆய்வுகூடத்தைக் காட்டிலும் யுத்தத்துக்கும் அரச நிதிக்குமே கூடிய பங்குண்டு என்பது எமது கருத்தாகும்.

லைப்சிக்கில் வூண்டிடம் பயின்ற லைற்னர் விற்மர், 1896இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உளவியற் சிகிச்சை நிலையமொன்றைத் தொடங்கினார். கற்றலில் இடர்ப்பட்ட சிறுவரே அங்கு பெரிதும் கவனிக்கப்பட்டனர். 1907இல் தாம் நிறுவிய சஞ்சிகையில் இப்பணிக்கு மருத்துவ உளவியல் எனப் பெயரிட்டார். உளவளத்துணையின் ஊற்று வேறு. 1908இல் பிராங்க் பார்சன்ஸ் பொஸ்ரன் நகரில் அமைத்த தொழில் வழிகாட்டற் பணியகம், வேலை தேடிய இளைஞரை நாடியது. எனினும் இரு துறைகளும் நெடுங்காலம் பல்கலைக்கழகத்தின் ஓரத்திலேயே நின்றன. மருத்துவ உளவியலாளரின் கடமை பெரும்பாலும் உளச்சோதனை நடத்துதலாயிருந்தது; சிகிச்சை வைத்தியரின் உரிமையாகக் கருதப்பட்டது.

இரண்டாம் உலக யுத்தம் இந்நிலையை மாற்றியது. உளப்பாதிப்புடன் திரும்பிய படைவீரரின் தொகைக்கேற்ப உளமருத்துவர் இருக்கவில்லை. எனவே முன்னாள் படைவீரர் நிர்வாகம் 1946இல் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து பயிற்சித் திட்டமொன்றை வகுத்து, மாணவர்க்கு ஊதியமும் வழங்கியது. அவ்வாண்டிலேயே தேசிய உளநலச் சட்டமும் நிறைவேறிற்று. அரச நிதி பெறத்தக்க பல்கலைக்கழகங்கள் எவை என்ற வினா எழவே, அமெரிக்க உளவியற் சங்கம் அளவுகோல் வகுக்க நேர்ந்தது. டேவிட் ஷாக்கோ தலைமையிலான குழு 1947இல் நான்காண்டுக் கலாநிதிப் பயிற்சியையும், அதில் ஓராண்டு உள்ளகப் பயிற்சியையும் விதந்துரைத்தது. 1949இல் கொலறாடோவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, சிகிச்சையாளர் ஆய்வாளராகவும் இருத்தல் வேண்டும் என முடிவுசெய்தது. 1951இல் நோத்வெஸ்ரேண் மாநாடு உளவளத்துணைக்கும் கலாநிதிப் பயிற்சியை வரையறுத்தது.

ஆயின் இவ்விணைப்பு முரண்பாடற்றதன்று. பல்கலைக்கழகம் ஆய்வு வெளியீட்டையே மதித்தது. மாணவர் பலர் நாடியதோ சிகிச்சைப் பணியை. 1968இல் இலினோய் பல்கலைக்கழகம் சிகிச்சைப் பயிற்சியை முதன்மைப்படுத்தும் தனிக் கலாநிதிப் பட்டத்தை ஏற்படுத்தியது. 1973இல் வேல் மாநாடு அவ்வழியை ஏற்றது.

இதனிலும் அடிப்படையானது, இப்பட்டம் யாருக்குத் திறந்திருந்தது என்ற வினா. பிரான்சிஸ் சம்னர் 1920இல் கிளார்க் பல்கலைக்கழகத்தில் உளவியற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். அரைநூற்றாண்டு கழிந்த பின்னரும் அவ்வழி வந்தோர் மிகச் சிலரே. 1968இல் சான்பிரான்சிஸ்கோவில் தோன்றிய கறுப்பின உளவியலாளர் சங்கம், பட்டப்பின் கல்வியில் தம்மவர்க்கு இடமின்மையையும் இனவாதம் குறித்து உளவியலுலகு காத்த மௌனத்தையும் கண்டித்தது. வேல் மாநாடு பண்பாட்டுப் பன்மையைப் பயிற்சியின் கூறாக ஏற்றமை இப்போராட்டங்களின் பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கது.

ஆகவே இன்று பாடநெறிகளில் மாறா விதிகள் போலத் தோன்றுவன, குறிப்பிட்டதொரு அரசின் தேவைக்கும் ஒதுக்கப்பட்டோரின் எதிர்ப்புக்குமிடையே உருவானவை. அவற்றைப் பிறநாட்டார் கைக்கொள்ளுமிடத்து, எவரது துயருக்காக, எவரது செலவில் அவை வகுக்கப்பட்டன என்பதையும் ஆராய்தல் அவசியமாகும்.