வால் ஆற்றுத் துறைகள், 1895: டெலகோவா ரயில்பாதைச் சிக்கலில் ஒரு மறுவாசிப்பு

டிரான்ஸ்வாலில் 1886இல் தங்கம் கிடைத்தது. போர்த்துக்கேயரின் டெலகோவா விரிகுடாவுக்கு ரயில்பாதை போட்டு அக்குடியரசு பிரித்தானியத் துறைமுகங்களின் பிடியிலிருந்து விலகப் பார்த்தது. தென்னாப்பிரிக்காவில் தன் மேலாண்மை போய்விடும் என்று லண்டன் அஞ்சியது. ராபின்சனும் கல்லஹரும் 1961இல் வெளியிட்ட நூல் வேரூன்றச் செய்த வாசிப்பு இது. 1895 ஆற்றுத்துறை நெருக்கடியையும் இந்தச் சட்டகத்தில் வைத்தே படிக்கப் பழகிவிட்டோம்.

அவர்கள் வாசிப்பின் வலு தூரக்கணக்கில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்கிலிருந்து டெலகோவா விரிகுடாவின் துறைமுகமான லொரன்சோ மார்க்கேஸ் 650 கி.மீ.க்கும் குறைவு, கேப் டவுன் 1,600 கி.மீ.க்கும் மேல். 1875இல் பிரெஞ்சு அதிபர் மக்மகோனின் நடுவர் தீர்ப்பு விரிகுடாவைப் போர்த்துக்கலுக்கு வழங்கிய பிறகும் கேப் பிரதமர் ரோட்ஸ் அதை விலைக்கு வாங்க முயன்றது வீணான ஆசையால் அல்ல. ஆனால் 'பிரித்தானிய நலன்' என்று ஒன்றை அவர்கள் எழுதும் இடத்தில் நான் இரண்டு கல்லாப்பெட்டிகளைக் காண்கிறேன். நேட்டாலும் பிரித்தானியக் குடியேற்றம்தான். அது 1894இல் டிரான்ஸ்வால் அதிபர் குரூகருடன் தனியே உடன்பட்டு டர்பன் பாதையை ஜோகன்னஸ்பர்க் வரை நீட்ட வழிசெய்துகொண்டது. கேப் அரசின் இழப்பு நேட்டாலுக்கு வரவு.

நெருக்கடியின் நேரடிக் காரணம் சிவ்ரைட் ஒப்பந்தம். 1891இல் கேப் அரசு கடன் கொடுத்தது. அதற்கு ஈடாக, வால் ஆற்றிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரையிலான சுமார் 80 கி.மீ. பாதைக்குச் சரக்குக் கட்டணம் விதிக்கும் உரிமை 1894 முடியும்வரை அதற்குக் கிடைத்தது. தவணை முடிந்ததும், டெலகோவா பாதையையும் நடத்திய நெதர்லாந்து கம்பெனி அந்தத் துண்டுக்கான கட்டணத்தை ஏறத்தாழ மும்மடங்காக்கியது. கேப் வணிகர்கள் சரக்கை ஆற்றங்கரையில் இறக்கி, மாட்டுவண்டிகளில் துறைகள் வழியே கொண்டுசென்றனர். அக்டோபர் 1 முதல் குரூகர் துறைகளை மூடினார்.

அந்த அறிவிப்பின் ஒரு நுணுக்கத்தில்தான் என் வாதம் நிற்கிறது. தடை கடல்கடந்து வந்த சரக்குக்கு மட்டுமே. தென்னாப்பிரிக்க விளைபொருளுக்கு இல்லை. 1884 லண்டன் உடன்படிக்கையின் 13ஆம் பிரிவோ, பிரித்தானிய ஆட்சிப்பகுதிப் பொருளைத் தடுத்தால் பிற இடத்துப் பொருளையும் சமமாகத் தடுக்க வேண்டும் என்றது. கேப் அரசின் சட்டத் தலைமையாளர் ஷ்ரைனர் மீறலைக் கண்டது இந்தப் பாகுபாட்டில். ஏன் இப்படிப் பிரித்தார் குரூகர்? அறிவிப்பில் காரணம் இல்லை. கேப் உழவர்களை, குறிப்பாக டச்சு வழிவந்த ஆஃப்பிரிக்கானர்களை, ரயில்வே வருவாயைக் காக்கும் அரசிடமிருந்து பிரித்தெடுக்கவே அப்படிச் செய்தார் என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் அந்த விலக்குக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. உழவருக்குக் காட்டிய சலுகையே அவரை உடன்படிக்கையில் சிக்கவைத்தது.

பிரித்தானியக் குடியேற்ற அமைச்சர் சேம்பர்லின் இறுதி எச்சரிக்கை விடுத்தார். நவம்பர் முதல் வாரத்தில் குரூகர் பணிந்தார். படையெடுப்பு நேர்ந்தால் செலவில் பாதியை ஏற்க கேப் அமைச்சரவை முன்பே இசைந்திருந்தது. அது கேப் ஆஃப்பிரிக்கானர்களின் கட்சியான ஆஃப்பிரிக்கானர் பாண்டின் ஆதரவில் நின்ற அமைச்சரவை. மேலாண்மை வாசிப்பு இந்த இசைவை எளிதில் விளக்காது. சரக்குக் கட்டணம் விளக்கும்.

டிசம்பர் இறுதியில் டிரான்ஸ்வால் மீது நடந்த ஜேம்சன் படையெடுப்போடு இந்த எச்சரிக்கைக்கு எவ்வளவு தொடர்பு என்பது வேறு கேள்வி. அப்படையெடுப்பு பற்றிய 1897 பிரித்தானிய நாடாளுமன்ற விசாரணையில் சில தந்திகள் காட்டப்படாமலே போயின. சேம்பர்லின் மனத்தில் மேலாண்மை எண்ணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அக்டோபரில் துறைகளை மூடவைத்தது அதுவல்ல என்பதே என் மறுப்பு.