மலைக் காடும் கூட்டுறவும்

1954 ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் 5,289 வன உடைமையாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன. 2018 ஆம் நிதியாண்டின் இறுதியில் எஞ்சியவை 617. ஏனையவற்றுள் பெரும்பாலானவை அண்டைச் சங்கங்களோடு இணைந்துவிட்டன. இவ்விணைப்புக்குச் சட்டம் துணை செய்தது உண்மையே. ஆயினும் அதன் வேர், மலைநாட்டு வாழ்க்கையில் ஏற்பட்ட மாறுதலில் இருக்கிறது. அதனைச் சற்று ஆராய்வோம்.

ஜப்பானின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு. அதில் பாதிக்கு மேற்பட்டது தனியாருக்கு உரியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிகழ்ந்த நிலச் சீர்திருத்தம் வயல்களைக் குத்தகை உழவர்க்கு உரிமையாக்கியது, மலைக்காட்டைத் தொடவில்லை. காடு முன்போலவே பெரும்பாலும் சிறு சிறு துண்டுகளாக, எண்ணற்ற குடும்பங்களின் கையில் இருந்தது. ஒரு குடும்பம் தனித்து நின்று கன்று நடுவதும், மரத்தை மலையினின்று இறக்கி விற்பதும் எளிதன்று. ஆகவே 1951 ஆம் ஆண்டின் வனச் சட்டம், உடைமையாளர் தாமே விரும்பிச் சேரும் கூட்டுறவாக இச்சங்கங்களை அமைத்தது. பெரும்பாலும் கிராமம் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் ஒரு சங்கத்தைப் பெற்றது.

அக்கிராம எல்லைகளே முதலில் மாறின. 1953 முதல் 1961 வரை நகர, கிராம ஆட்சி அமைப்புகள் ஒன்றாக்கப்பட்டு, 9,868 ஆக இருந்தவை 3,472 ஆகக் குறைந்தன. அடுத்து, சமையலுக்கு எரிவாயு வந்தது, அடுப்புக்கரி விலைபோகவில்லை. கரி சுட்டுப் பிழைத்த மலைக் குடிகள் வருவாய் இழந்தனர். மூன்றாவதாக, 1964 ஆம் ஆண்டளவில் மர இறக்குமதி முழுவதும் தடையின்றித் திறந்துவிடப்பட்டது. 2002 ஆம் ஆண்டளவில் நாட்டின் மரத்தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூட உள்நாட்டிலிருந்து கிடைக்கவில்லை.

இவற்றின் விளைவு எங்கும் ஒரே தன்மையாய் இருக்கவில்லை. வடகிழக்கிலுள்ள தோஹோக்கு மலையூர்களில், குடும்பத் தலைவர் பனிக்காலத்தில் நகரம் சென்று கூலி வேலை செய்து, வசந்தத்தில் ஊர் திரும்புவது வழக்கமாயிற்று. மேற்கிலுள்ள சூகோக்கு மலைப் பகுதியிலோ குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டே வெளியேறினர். ஷிமானே மாவட்டத்தில் 1963 ஆம் ஆண்டின் பெரும்பனி இப்போக்கை விரைவுபடுத்தியது. ஊரே காலியாகும்போது சங்கத்திற்கு உறுப்பினர் ஏது? மரம் வெட்ட ஆள் ஏது? கணக்கு எழுதும் ஊழியருக்குச் சம்பளம் தரவும் சிறு சங்கத்தால் இயலாமற் போயிற்று.

அதே 1963 ஆம் ஆண்டில் சங்கங்களின் இணைப்புக்கு உதவும் தனிச் சட்டம் பிறந்தது. இணைந்த சங்கங்களுக்கு இயந்திரம் வாங்கவும், பயிற்சி பெற்ற தொழிலாளர் குழுவை நிலையாக வைத்துக்கொள்ளவும் வலிமை உண்டாயிற்று. போருக்குப் பின் பெருமளவில் நடப்பட்ட சுகி, ஹினோக்கி என்னும் ஊசியிலை மரங்கள் நெருங்கி வளர்ந்திருந்தன. இடையிடையே சிலவற்றை வெட்டி நீக்காவிடில் காடு நலியும். அவ்வேலைக்குப் பெரிய சங்கமே ஏற்றதாயிருந்தது.

ஆயினும் ஓர் இழப்பும் நேர்ந்தது. எந்தப் பாறையோடு யாருடைய காடு முடிகிறது என்பதை ஊர் முதியவர் அறிவார்; பல கிராமங்களுக்கு அப்பால் இருக்கும் அலுவலகம் எளிதில் அறியாது. முதியவர் மறைய, வாரிசுகள் நகரத்தில் வாழ, எல்லை தெரியாத காடுகள் பெருகின. உடைமையாளரால் பேணப்படாத காட்டை உள்ளூராட்சி பொறுப்பேற்க, 2018 ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

2020 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், முழு இணைப்பின்றியே ஒரு சங்கம் தன் தொழிலின் ஒரு பகுதியை மற்றொன்றிடம் ஒப்படைக்க வழி செய்தது. விற்பனைக்குப் பெரிய சங்கம் நல்லது. காட்டை அறிந்து காப்பதற்கு அருகிலுள்ள சங்கம் நல்லது. கூட்டுறவைப் பயிலும் மாணவர்கள் இவ்விரண்டையும் ஒருங்கே எடைபோடுதல் வேண்டும்.